இரட்சணிய யாத்திரிகம்: அழைப்பும் நிறைவும்

தமிழில் கிறித்தவ இலக்கியம் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்லி அமைவர். ஒருவர், இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றுத் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். மற்றவர், நெல்லைச் சீமையிலே பிறந்து இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. பின்னவரைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்று ஒரு தொடரால் போற்றிவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுவது மேடை வழக்கம். அப்பட்டம் பொருந்தாத ஒன்றன்று. கம்பனின் நடையும் நயமும் அவர் பாட்டில் ஓடுவதைக் கற்றோர் எவரும் காண்பர். எனினும் அப்பட்டம் அவருக்குப் பெருமை சேர்த்த அளவுக்கு அவர் நூலை மறைத்தும் விட்டது. கம்பனோடு ஒப்பிட்டு அளக்கத் தொடங்கியவுடன், இந்நூல் எதைப் பற்றியது என்ற வினாவே நம் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது.

இந்நூல் ஓர் அழைப்பைப் பற்றியது. அவ்வழைப்புக்கு ஒரு மனிதன் தந்த மறுமொழியைப் பற்றியது. மறுமொழி தந்தவன் அடைந்த நிறைவைப் பற்றியது. அவ்வகையில் நோக்கினால், இதன் நெருங்கிய உறவு கம்பராமாயணத்தோடு மட்டும் அமைவதன்று. அதனினும் பழைய ஆற்றுப்படை மரபோடும் அமைவது என்பது என் கருத்து. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவிஞரும் காப்பியமும்

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டு நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ நெறியில் ஊன்றிய வேளாளர் குடும்பம் அது. கம்பன் கவி வீட்டிலேயே ஒலித்தது. சாயர்புரத்தில் கிறித்தவ சமயப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தபோதும் அவர் திருமால் அடியவராகவே இருந்தார். தமக்கு முன்பே கிறித்தவம் தழுவிய நெருங்கியோரின் பேச்சும், அவர்கள் தந்த நூல்களும், நெடுநாள் மனப்போராட்டமும் அவரைத் திருப்பின. 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், தமது முப்பத்தோராம் அகவையில், சென்னை மயிலாப்பூரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் அன்று வந்து சேர்ந்தது. கிருஷ்ணபிள்ளை என்னும் பெயரையும் அவர் விட்டுவிடவில்லை. இரு பெயர்களும் இணைந்தே அவர் நூல்களின் முகப்பில் நிற்கின்றன.

அவர் காப்பியத்துக்கு முதனூல், ஆங்கிலத்தில் ஜான் பன்யன் எழுதிய உருவக உரைநடைக் கதையாகும். பன்யன் பாத்திரம் செப்பனிடும் தொழிலாளியின் மகன். தாமும் அத்தொழிலே செய்தவர். அனுமதியின்றிச் சமயப் பேச்சு நிகழ்த்தினார் என்பதற்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு நகரச் சிறையில் இருந்தவர். அவர் கதையின் முதற்பகுதி 1678ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1684ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முதற்பகுதியின் பயணமே கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்துக்கு முதுகெலும்பு. ‘நற்போதகம்’ என்னும் திங்களிதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894ஆம் ஆண்டு நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்கள். 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள். நூல் வெளிவந்த ஆறாம் ஆண்டில், 1900இல், கவிஞர் மறைந்தார்.

கதை எளியது. அழிவுக்குரிய நகரில் வாழும் ஒருவன் தன் முதுகில் பெரும் சுமை இருப்பதை உணர்கிறான். கையிலுள்ள நூல் அவனை அச்சுறுத்துகிறது. நற்செய்தி உரைக்கும் ஒருவர் வந்து தொலைவிலுள்ள வாயிலைச் சுட்டிக் காட்டுகிறார். அவன் புறப்படுகிறான். சேற்றில் விழுகிறான், சிலுவையடியில் சுமை நீங்கப் பெறுகிறான், பகைவனோடு போரிடுகிறான், மாயச் சந்தையில் தோழனை இழக்கிறான், ஐயக் கோட்டையில் சிறைப்படுகிறான், இறுதியில் ஆற்றைக் கடந்து திருநகர் சேர்கிறான்.

ஆணையும் அழைப்பும்

நம்மில் பலர் அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறைத் தொழிலகங்களிலும் பணியாற்றுவோர். மாற்றல் ஆணை என்றால் என்ன என்பது நமக்கு நன்கு தெரியும். ஆணை வந்தால் மூட்டை கட்ட வேண்டும்; நம் விருப்பத்தை அது கேட்பதில்லை. அழைப்பு அத்தகையதன்று. வரலாம், வராமலும் இருக்கலாம் என்னும் உரிமையை அது கையில் தந்துவிட்டு வாயிலில் காத்து நிற்கிறது.

கிறித்தவ மறை கடவுளின் செயலைப் பெரிதும் அழைப்பாகவே காட்டுகிறது. உழைத்துச் சுமை சுமந்து சோர்ந்தவர்களை இயேசு தம்மிடம் வருமாறு அழைப்பதாக மத்தேயு எழுதுகிறார். லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் ஒரு விருந்துக் கதை வருகிறது. பெருவிருந்து செய்த ஒருவன் அழைக்கப்பட்டோரிடம் ஆளனுப்புகிறான். ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறான். அதனைப் பார்க்கப் போக வேண்டும். ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறான். அவற்றைச் சோதிக்க வேண்டும். ஒருவனுக்குத் திருமணம் ஆகியிருக்கிறது. இம்மூவரும் தீயவர் அல்லர் என்பதை நோக்குதல் வேண்டும். அவர்கள் சொன்னவை பொய்களும் அல்ல. விடுப்பு விண்ணப்பத்தில் நாம் எழுதும் காரணங்களைப் போல அவை முற்றிலும் முறையானவை. மனை வாங்குதல், வாகனம் வாங்குதல், வீட்டில் திருமணம் என்று நம் வாழ்நாளும் இம்மூன்றிலேயே பெரும்பாலும் கழிகிறது. விருந்து வேண்டா என்று எவரும் மறுக்கவில்லை. இன்று இயலாது என்றுதான் சொன்னார்கள். பின்னர்த் தெருவிலும் சந்திலும் இருந்த ஏழைகளும் ஊனமுற்றோரும் வந்து பந்தியை நிரப்பினார்கள். நிறைந்த கையோடு இருந்தவர்கள் பசியை உணரவில்லை, வெறுங்கையர் உணர்ந்தார்கள்.

ஆற்றுப்படை என்னும் பழைய வழி

இவ்விடத்தில் தமிழ் மரபு நினைவுக்கு வருகிறது. வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி இவ்வகையினது. பொருநனைக் கரிகாலனிடத்தும், பாணரை நல்லியக்கோடனிடத்தும் இளந்திரையனிடத்தும், கூத்தரை நன்னனிடத்தும் ஆற்றுப்படுத்துவன நான்கு. நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை மட்டும் அடியவனை முருகனிடத்து ஆற்றுப்படுத்துகிறது. பொருளுக்காக வழி சொன்ன ஒரு மரபை அருளுக்காக வழி சொல்ல அங்கேயே மடைமாற்றிவிட்டார்கள் நம் முன்னோர். ஆகவே கடவுளின் அழைப்பைப் பாட்டாக்கும் முறை தமிழுக்குப் புதிதாக வந்த சரக்கன்று.

ஆற்றுப்படையின் உயிர் எங்கே இருக்கிறது? வழி சொல்பவன் உண்டு வந்தவன் என்பதில் இருக்கிறது. அவன் கேள்விப்பட்டதைச் சொல்வதில்லை, பெற்றதைச் சொல்கிறான். பொருநராற்றுப்படையில், வியர்வையில் ஊறித் தையல் விட்ட கந்தலைக் களைந்து, இழை தெரியாத நுண்ணிய ஆடையைக் கரிகாலன் உடுத்த கதையைப் பொருநன் சொல்கிறான். பன்யன் கதையிலும் சிலுவையடியில் சுமை விழுந்தபின் ஒளி வடிவினர் மூவர் தோன்றுகின்றனர். அவருள் ஒருவர் பயணியின் கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்துகிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சோழ நாட்டுப் புலவரும் பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சிறைவாசியும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் வள்ளன்மையின் முதல் அடையாளம் கந்தலை நீக்குவதே என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். தமிழ் கற்ற கிருஷ்ணபிள்ளைக்குப் பன்யன் கதை அயலாகத் தோன்றாமைக்கு இத்தகைய உள்ளுறவுகளும் ஒரு காரணமாதல் வேண்டும்.

கவிஞர் சேர்த்தவை

ஒரு வழிநூலை மதிப்பிட, முதனூலிலிருந்து அது எங்கே விலகுகிறது என்று பார்ப்பதே தக்க முறை. கிருஷ்ணபிள்ளை இரண்டு இடங்களில் குறிப்பாக விலகுகிறார்.

முதலாவது, குமார பருவத்தில் வரும் இரட்சணிய சரிதப் படலம். இயேசு பிடிபட்டது, பழிக்கப்பட்டது, சிலுவையில் அறையப்பட்டது ஆகிய இறுதிப் பாடுகளை அங்கே விரிவாகப் பாடுகிறார். பன்யனிடம் சிலுவை ஒரு மேட்டில் நிற்கிறது. பயணி அதனைப் பார்க்கிறான். சுமை கழன்று விழுகிறது. சில வரிகளில் காட்சி முடிகிறது. இயேசுவின் வரலாற்றை நன்கு அறிந்த மக்களுக்கு அவர் எழுதினார். அச்சுருக்கம் அங்கே போதும். தமிழ்க் கவிஞர் அவ்வாறு விடவில்லை. கதையின் ஓட்டம் தடைப்படுகிறது என்று இதனைக் குறை கூறுவாரும் உளர். காப்பியம் என்று மட்டும் கொண்டால் அக்குறை ஓரளவு பொருந்தும். ஆற்றுப்படை என்று கொண்டால் குறை நீங்கிவிடுகிறது. வள்ளலின் கொடையை விரித்துரையாத ஆற்றுப்படை உண்டோ? கேட்பவன் நம்பிப் புறப்பட வேண்டுமானால், தருபவன் யார், என்ன தந்தான் என்பது அவனுக்குத் தெரிதல் வேண்டும். இங்கே தந்தது பொன்னும் தேரும் அல்ல. தருபவன் தன்னையே தந்தான். அதனால்தான் அப்படலம் நீள்கிறது.

இரண்டாவது, இடையிடையே வரும் தேவாரப் பதிகங்கள். கதை சொல்லிக்கொண்டே வந்த கவிஞர் திடீரென்று கதையை நிறுத்திவிட்டு இறைவனை நோக்கிப் பாடத் தொடங்கிவிடுகிறார். பெயரும் அமைப்பும் சைவத் திருமுறையின் வழியில் வந்தவை. உருகும் முறையில் ஆழ்வார்களின் சாயலும் உண்டு. தாம் விட்டு வந்த வீட்டின் பாட்டு முறையை அவர் வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழையவில்லை என்பதற்கு இப்பதிகங்கள் சான்று. அவற்றின் பணியோ அதனினும் பெரியது. பன்யன் கதையில் திருநகர் சென்றவர் எவரும் மீண்டு வந்து வழி சொல்வதில்லை. ஆற்றுப்படைக்கு வேண்டிய ‘உண்டு வந்தவன்’ கதைக்குள் இல்லை. அவ்விடத்தைக் கவிஞரே நிரப்புகிறார். நான் பெற்றேன் என்று பதிகத்தில் பேசும் குரல் கதைத் தலைவனின் குரலோடு கலந்த கிருஷ்ணபிள்ளையின் குரல்.

நிறைவு எங்கே?

திருநகர் சேர்ந்த பின்னரே பயணிக்கு நிறைவு வந்தது என்று மேலோட்டமாகப் படிப்போர் கருதக்கூடும். கதையின் அமைப்பு அவ்வாறு சொல்லவில்லை. சுமை நீங்குவது பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குப் பின்னரே போரும், சந்தையும், சிறையும் வருகின்றன. அழைப்புக்கு இசைந்தவனுக்குத் துன்பம் இராது என்று கதை எங்கும் வாக்களிக்கவில்லை. ஐயக் கோட்டையில் அடைபட்ட பயணி சில நாள் அடியும் பசியும் பட்ட பின், கோட்டையின் பூட்டுகளைத் திறக்கும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை நினைவுகூர்கிறான். வாக்குறுதி என்பது அத்திறவுகோலின் பெயர். புதிதாக ஒன்றும் அவனுக்கு அங்கே கொடுக்கப்படவில்லை. முன்னமே கொடுக்கப்பட்டதை அவன் எடுத்தான்.

கிறித்தவ நெறியில் மனநிறைவு என்பதன் இயல்பு இதுவே. பிலிப்பியருக்கு எழுதிய மடலில், எந்த நிலையிலும் நிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் கூறுகிறார். அவர் அப்போது கைதி. கற்றுக்கொண்டேன் என்ற சொல் கருதத் தக்கது. நிறைவு பிறவியில் வந்த குணமாகவோ வசதியின் பயனாகவோ அவருக்கு வாய்க்கவில்லை. பழகிப் பெற்ற ஒன்றாகவே அமைந்தது. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் நாட்டார் சொல்வதும் மனத்தின் பழக்கத்தையே. ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. வேண்டுதலைக் குறைத்துக்கொள்வதால் வரும் அமைதி ஒருவகை. அழைத்தவர் உடன் இருக்கிறார் என்பதால் வரும் அமைதி இன்னொரு வகை. கிருஷ்ணபிள்ளையின் பதிகங்களில் ஒலிப்பது பின்னது. வேண்டுவதை அவர் குறைத்துக்கொள்ளவே இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்கத் தக்க இடம் கிடைத்துவிட்டது என்பதே அவரது நிறைவு.

சில குறைகள்

போற்றுதல் மட்டும் திறனாய்வு ஆகாது. இந்நூலின் மொழி இன்றைய படிப்பாளிக்கு எளிதில் வசப்படாது. வடசொற்கள் மிகுதி, தலைப்பின் முதற்சொல்லே அகராதியைத் தேடச் செய்வது. உருவகப் பாத்திரங்கள் சில பண்பின் பெயர்களாகவே நின்று மனிதராக மலராமல் போகின்றன. வருணனைகளில் காப்பிய இலக்கணத்துக்காகச் சேர்ந்தவையும் உண்டு.

இவற்றினும் ஆழமான ஒரு தடை முதனூலிலிருந்தே வருகிறது. பயணி புறப்படும்போது மனைவியும் மக்களும் பின்னால் நின்று கூவி அழைக்கின்றனர். அவன் காதுகளை விரலால் அடைத்துக்கொண்டு ஓடுகிறான். தமிழ் நெஞ்சம் இவ்விடத்தில் இடறும். ஆற்றுப்படையின் பாணன் தனியே போவதில்லை. பசித்த சுற்றத்தோடு போகிறான். சிறுபாணாற்றுப்படையில் வரும் வறிய அடுக்களையை நினைத்துப் பாருங்கள். பிறர் காணலாகாது என்று கதவை அடைத்துவிட்டு, உப்பில்லாத கீரையைச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். வள்ளலின் கொடை அவ்வீட்டார் அனைவருக்குமே.

பன்யனுக்கும் இக்குறை உறுத்தியிருத்தல் வேண்டும். 1684இல் வந்த இரண்டாம் பகுதியில், விடப்பட்ட மனைவிக்கு அரசரிடமிருந்தே அழைப்பு மடல் வருகிறது. அவள் நான்கு மைந்தரோடு புறப்படுகிறாள். அண்டை வீட்டு இளம்பெண் ஒருத்திக்கு மடல் வரவில்லை. ஆயினும் உடன் வருகிறாள். எனக்கு அழைப்பில்லையே என்று வாயிலில் நின்று தட்டி, அஞ்சி மயங்கி விழுகிறாள். அவளும் ஏற்றுக்கொள்ளப்படுகிறாள். இக்குழுவினர் செல்லும் வழியில், தாழ்மைப் பள்ளத்தாக்கில், எளிய உடையணிந்த இடைச்சிறுவன் ஒருவன் உள்ளது போதும் என்று களிப்போடு பாடிக்கொண்டு ஆடு மேய்க்கிறான். அழைப்பு, குடும்பம், நிறைவு ஆகிய மூன்றும் ஒருங்கே கூடுவது இரண்டாம் பகுதியிலேதான். தமிழுக்கு மிக நெருங்கிய அப்பகுதியும் கிருஷ்ணபிள்ளையின் கைவண்ணம் பெற்றிருக்குமானால் என்று எண்ணத் தோன்றுகிறது.

புலம்பெயர்ந்த நமக்கு

1809இல் கண்டோன்மெண்ட் அமைந்த காலந்தொட்டுத் தமிழர் பெங்களூருக்கு வந்துகொண்டே இருக்கின்றனர். படையைத் தொடர்ந்து வந்தோர், ஆலைகளுக்கு வந்தோர், அரசுப் பணி மாற்றலில் வந்தோர் எனப் பலவகையினர். நம் பெரியோர் அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலிலும் சிவாஜி நகர் மரியன்னை ஆலயத்திலும் தமிழில் கண்ணீர் விட்டு வேண்டியவர்கள். நாம் வந்தது பெரும்பாலும் பிழைப்பின் ஆணையால். வந்த இடத்தில் வீடு, வாகனம், திருமணம் என்று கதையின் மூவரைப் போல நியாயமான காரணங்களோடு வாழ்கிறோம்.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். அவர்களுக்குச் சமயத்தையும் மொழியையும் எவ்வாறு கொடுப்பது என்பது பெற்றோர் பலரின் கவலை. பெரும்பாலும் நாம் ஆணையிடுகிறோம். கோயிலுக்கு வா, ஆலயத்துக்கு வா, தமிழ் படி என்கிறோம். ஆணைக்குக் கீழ்ப்படியும் பருவம் பதினைந்து வயதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் அழைப்பு ஒன்றே செல்லும். அழைப்போ, உண்டு வந்தவன் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும். நாம் பசித்த முகத்தோடு இருந்துகொண்டு பிள்ளைகளைப் பந்திக்கு அனுப்ப இயலாது. கிருஷ்ணபிள்ளையின் பதிகங்கள் இன்றும் நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம் அவர் தாம் பெற்றதைப் பாடினார் என்பதே. கம்பனைக் கேட்டு வளர்ந்த வீட்டின் செல்வத்தைப் புதிய நெறிக்குக் கொண்டு வந்து, இரண்டினாலும் தாம் நிறைந்து, அந்நிறைவிலிருந்து பிறரை அழைத்தார்.

கிறித்தவர் அல்லாத அன்பர்களும் இந்நூலைத் தயக்கமின்றி எடுக்கலாம். திருமுருகாற்றுப்படையைச் சைவர் மட்டுமா படிக்கிறோம்? நூல் முழுவதையும் ஒருமுறையில் முடிக்க முயன்றால் சலிப்பே மிஞ்சும். இரட்சணிய சரிதப் படலத்தையும் ஒரு பதிகத்தையும் மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, வீட்டில் விளக்கேற்றிய பின் ஓர் அரைமணி நேரம் பிள்ளைகள் கேட்க உரக்கப் படிப்பது நன்று. குறள் வகுப்பும் கம்பன் வகுப்பும் நடத்தும் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு மாலையை இந்நூலுக்கு ஒதுக்குதல் வேண்டும். பொருள் விளங்காத சொற்களைக் கேட்டுத் தெளிய, நெல்லைச் சீமையிலிருந்து வந்த முதியோர் இந்நகரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள்.